புது மெஷ் நாற்காலியா, பழைய ஆபீஸ் நாற்காலியா?

5,000 ரூபாய்க்குள் என்றால் ஓசூர்க்காரர்களுக்கு இரண்டு வழி. ஆன்லைனில் வாங்கினால் புது மெஷ் (முதுகுப் பக்கம் வலைத்துணி) நாற்காலி வீட்டுக்கே வரும், வாரண்டி உண்டு. ஆனால் இந்த விலையில் பெரும்பாலும் கைப்பிடியை ஏற்றி இறக்க முடியாது, இடுப்புத் தாங்கலும் பேருக்குத்தான்.

பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே ஆபீஸ்கள் காலி செய்யும்போது விற்கிற நாற்காலிகளை உட்கார்ந்து பார்த்தே வாங்கலாம். முதுகு முழுக்கச் சாய்ந்த நிலையில், முழங்காலின் பின்புறத்துக்கும் சீட் விளிம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும். உயரத்தை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள். மெல்ல இறங்கினால், சீட்டை ஏற்றி இறக்கும் சிலிண்டரான கேஸ் லிஃப்ட் போச்சு. மாற்றிக்கொள்ளலாம், அதைச் சொல்லியே விலையும் பேசலாம். ஸ்பாஞ்ச் அமுங்கிக் கிடந்தால் தொடாதீர்கள்.

நாள் முழுக்க உட்காருகிறவர் என்றால் என் ஓட்டு பழையதற்கே. தருமபுரிக்காரருக்கு வண்டி வாடகையே கணக்கைக் கெடுத்துவிடும். அவருக்குப் புதுசே மேல்.