‘கழுத்துத் தேய்மானம்’ என்று ஊசி போட்டு அனுப்பினால் உஷார்!

சத்துவாச்சாரிக்காரர், வயது 38. சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரியே இடது பிடரியில் வலி. கிளினிக்கில் எக்ஸ்ரே, ‘தேய்மானம்’, இடுப்பில் ஊசி, கழுத்துக்குப் பட்டை. மூன்றாம் நாள் தலைசுற்றலோடு மறுபடி போனால், “ஒண்ணும் இல்லப்பா, கேஸ் டிரபிள்.” ஐந்தாம் நாள் காலையில் காபி தொண்டையில் இறங்கவில்லை, நாக்கு குழறியது. கிழிந்திருந்தது கழுத்தின் பின்பக்க ரத்தக்குழாய். இரண்டு தடவையும் காசு வாங்கினார்களே தவிர, எழுந்து நடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயின் உள்சுவர் கிழிந்தால் ரத்தம் சுவருக்குள் புகுந்து வழியை அடைக்கும். அங்கே உறையும் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். வலிக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே சில மணி நேரமோ சில நாட்களோ கிடைக்கலாம். அதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். நெட்டிதான் காரணம் என்றில்லை: பளு தூக்கல், வண்டி விபத்து, பலத்த இருமல், சில சமயம் ஒன்றுமேயில்லாமலும் கிழியும். கிழிந்த வலிக்கே சுளுக்கு வழிக்கப் போகிறவர்களும் உண்டு!

ஒரே பக்கமாக, இதுவரை வந்தே இராத மாதிரி வலித்தால் சந்தேகப்படுங்கள். முன்கழுத்துக் குழாய் என்றால் வலி கண்ணைச் சுற்றியும் தாடையிலும் வரும். காதில் நாடித் துடிப்போடு ‘உஸ் உஸ்’ என்று கேட்கலாம். அந்தப் பக்க இமை லேசாகத் தொங்கும், கருவிழி நடுவிலுள்ள பாப்பா சுருங்கும். விளக்கைக் குறைத்து இரண்டு கண்ணையும் ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளிச்சத்தில் தப்பிவிடும். பின்குழாய் என்றால் பிடரி வலி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, முகத்தில் மரமரப்பு, விழுங்கச் சிரமம்.

எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது. நடுவயதில் வலியே இல்லாத பலருக்கும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். மூளைக்கு மட்டும் எடுத்த சாதா சிடி ஸ்கேன் நார்மல் என்றாலும் நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். “கழுத்து, மூளை ரத்தக்குழாய்க்கு சிடி ஆஞ்சியோ வேண்டுமா டாக்டர்?” என்று வாய்விட்டே கேளுங்கள்.

பேச்சு குழறினால், கை கால் விழுந்தால் 108. கடைசியாக நன்றாக இருந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், தண்ணீரும் புகட்டாதீர்கள்.

கிழிசல் உறுதியானால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம்; ரத்தம் உறையாமலிருக்க 3 முதல் 6 மாதம் மாத்திரை. அதுவரை நெட்டி, ஜிம் எடை எதுவும் கூடாது. தைலத்தோடு வரும் பாட்டியையும் தடுத்துவிடுங்கள்.