பழைய மியாட்டாவா, பழைய பாக்ஸ்டரா?

கூரையைத் திறந்து ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்றால், அமெரிக்காவில் கார் பிரியர்களின் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து நிற்கும்: 1989இல் வந்த மாஸ்டா மியாட்டா, 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டர்.

பாக்ஸ்டருக்கு நடுவில் ஆறு சிலிண்டர் எஞ்சின், 2.5 லிட்டர், 200 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். அந்தச் சத்தத்துக்கே மயங்கலாம். ஆனால் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பாகங்கள் இன்னும் போர்ஷே விலைதான். பெரிய பயம், எஞ்சினுக்குள் சுழலும் ஓர் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போச்சு. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடுவார்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பேரிங்கை மாற்றியதற்கான ரசீதைத்தான்.

மியாட்டாவின் 1.6 லிட்டர் எஞ்சினில் அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது. வண்டி நிற்கும், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். (பாக்ஸ்டரில் எஞ்சினைக் கண்ணால் பார்ப்பதே ஒரு வேலை.) இதன் எதிரி துரு. கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால், தட்டிப் பாருங்கள்.

என் ஓட்டு மியாட்டாவுக்கு. இல்லை, பாக்ஸ்டர்தான் வேண்டும் என்றால் சரி, பழுதுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே தனியே எடுத்து வையுங்கள்.