டிஜேஐ ரோனின் 4டி: ‘அடோலசென்ஸ்’ இரண்டாம் எபிசோடை வைத்து ஒரு மதிப்பீடு

2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் க்ரைம் தொடர் ‘அடோலசென்ஸ்’. நாலு எபிசோடும் தலா ஒரே ஷாட். எடுத்தது டிஜேஐ நிறுவனத்தின் ரோனின் 4டி கேமராவில். அதன் பலமும் பலவீனமும் தெரிய வேண்டுமா, பள்ளிக்கூடத்தில் நடக்கும் இரண்டாம் எபிசோடைப் பாருங்கள்.

வழக்கமாகக் கேமராவைத் தனி கிம்பலில், அதாவது மோட்டாரால் ஆட்டத்தைச் சமன் செய்யும் தாங்கியில், ஏற்றுவோம். இதில் இரண்டும் ஒரே உடம்பு. கை மாறினாலும் பேலன்ஸ் கலையாது. விரட்டல் காட்சியில் பையன் ஜன்னல் வழியே குதிக்கிறான் அல்லவா, கேமராவும் அதே ஜன்னல் வழியாகத்தான் அடுத்த ஆபரேட்டர் கைக்குப் போகிறது. ஒளிப்பதிவாளர் மாத்யூ லூயிஸும் லீ டேவிட் பிரவுனும் மாறி மாறிப் பிடித்தார்கள். லென்ஸோடு ஐந்து கிலோவை நெருங்கும் எடையை 51 நிமிடம் ஒரே ஆள் நெஞ்சுக்கு முன்னால் தாங்கினால் கை நடுங்கிவிடும்.

கிம்பலுக்கு வழக்கமாக மூன்று அச்சு. இதில் கூடுதலாக உள்ள நான்காவது அச்சு, நடக்கும்போது மேலும் கீழுமாக வரும் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு அது உதவாது. முழங்காலைத் தளர்த்தி நடக்கப் பழக வேண்டும். உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் 9 ஸ்டாப் வரை இருக்கிறது (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்). ஆனால் ஓடும் ஷாட்டில் ஃபில்டரை மாற்றினால் படத்தில் தெரிந்துவிடும். வகுப்பறையிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது லென்ஸின் துவாரமான ஐரிஸைத்தான் மெல்ல மூட வேண்டும். லேசரால் தூரம் அளக்கும் லைடார் ஃபோகஸ் சுமார் 10 மீட்டர் வரைதான். அதற்கு அப்பால், ஃபோகஸைத் திருத்திக்கொண்டே இருக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லரின் கண்தான் கணக்கு. கனமான சினிமா லென்ஸ் மாட்டினால் கிம்பல் மோட்டார் திணறும். இவர்கள் போட்டது எடை குறைந்த குக் எஸ்பி3 லென்ஸ்.

கடைசிக் காட்சிதான் உச்சம். சாலை ஓரத்தில் கேமராவை ட்ரோனில் மாட்டுகிறார்கள். அது ஏறி, அரைக் கிலோமீட்டர் போல ஊர் மேல் பறந்து, கொலை நடந்த இடத்தில் இறங்குகிறது. அங்கே ஆட்கள் பிடித்துக் கழற்றி, கொலைக் குற்றத்தில் கைதான சிறுவனின் அப்பாவாக நடிக்கும் ஸ்டீபன் கிரஹாம் முகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். காற்று பலமாக அடித்தால் அந்த டேக் போச்சு. நாம் பார்ப்பது 13ஆவது டேக். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் ஒத்திகை. அந்த வேலையைக் கேமரா செய்து தராது.

கல்யாண வீடியோவுக்கு இது தண்டச் செலவு. மிரர்லெஸ் கேமராவும் சாதா கிம்பலும் போதும். நீளமான ஒரே ஷாட் எடுக்கிறவர்கள் வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது, பதிவு சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரியதாகக் கேளுங்கள். ப்ரோரெஸ் என்ற உயர்தர வீடியோ வடிவத்தில் 6கே ஃபைல்கள் பூதம். டேக் நடுவில் இடம் தீர்ந்தால் முதலிலிருந்துதான்.