கானமயிலுக்காக: கம்பியைப் புதைப்பதா, தகடு தொங்கவிடுவதா?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் சூரிய மின்திட்டங்களால் கானமயில் என்ற அரிய பெரும்பறவைக்கு ஏற்படும் பாதிப்பை மதிப்பிடும்போது, அது மோதி இறப்பதைத் தடுக்க, உயரழுத்த மின்கம்பிகளை நிலத்தடியில் புதைப்பது, கம்பிகளில் சுழலும் எச்சரிக்கைத் தகடுகளைத் தொங்கவிடுவது என்ற இரண்டு வழிகளே பெரிதும் பேசப்படுகின்றன.

கானமயில் நேர் எதிரே பார்க்கும் திறன் குறைந்த பறவை. ஆணின் எடை 15 கிலோ வரை இருக்கும் என்பதால், கம்பியை அருகில் கண்ட பிறகு சட்டென விலகிப் பறக்க அதனால் இயலாது. பொதுவாக ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும் என்பதால், ஒரு பறவையின் சாவே பேரிழப்பு. தகடு தொலைவிலேயே எச்சரிக்கிறது, செலவும் குறைவு. ஆனால் பாலைக் காற்றில் அது கழன்று விழுந்தால், மாற்றும்வரை பழைய ஆபத்து அப்படியே நீடிக்கும். புதைத்த கம்பியிலோ மோதலுக்கே இடமில்லை.

புதைக்கும் செலவு பன்மடங்கு. தொழில்நுட்பச் சிக்கல்களும் உண்டு. 2021இல் பரந்த பரப்பில் புதைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், இவற்றையும் கருத்தில் கொண்டு, 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழுவை அமைத்தது.

முட்டையிடும் புல்வெளிகளைச் சுற்றிப் புதைப்பதைத் தவிர வேறெதையும் ஏற்கலாகாது என்பதே என் உறுதியான கருத்து. பிற இடங்களில் தகடுகள் போதுமெனில், அவற்றின் பராமரிப்பையும், கம்பிகளுக்கு அடியில் இறந்த பறவைகளைத் தேடிப் பதிவு செய்வதையும் அனுமதியின் நிபந்தனையாகவே எழுதிவைக்க வேண்டும்.