குறைந்த கட்டண கோல்ஃப் மைதானம்: கிரீனுக்கு நல்ல மார்க், டீ பகுதிக்குப் பாதிதான்

18 குழி, கட்டணம் குறைவு, உறுப்பினராக வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் நேரம் பதிவு செய்துவிட்டு வந்து ஆடலாம். இந்த மாதிரி மைதானங்களுக்கு வருகிற விமர்சனங்களைப் பார்த்தால் இரண்டே வகைதான். "கொடுக்கிற காசுக்கு இது போதும்" என்று ஒன்று, "ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று இன்னொன்று. இரண்டையும் படித்துவிட்டு அங்கே போகலாமா வேண்டாமா என்று ஒருவராலும் முடிவெடுக்க முடியாது. அதனால் நான் அடிக்கடி ஆடுகிற மைதானத்தை, பெயர் சொல்லாமல், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர் எதற்கு, இதே நிலைமையில் உள்ள மைதானங்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றன.

மைதானப் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கு ஆள் கூலிக்குத்தான் போகிறது. கட்டணம் குறைந்தால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் ஏதோ ஒரு வேலை நடக்காது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நுழைவாயிலில் பூச்செடி பளபளவென்று இருந்து, முதல் கிரீனில் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை) புல் சொட்டையாக இருந்தால், அந்த நிர்வாகத்துக்கு கோல்ஃப் தெரியாது என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்த மைதானத்தில் நேர்மாறு. வாகனம் நிறுத்துகிற இடம் குண்டும் குழியுமாக இருக்கிறது, ஓய்வறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஆனால் கிரீன்கள் நன்றாக இருக்கின்றன. எனக்கு இந்தக் கணக்கு சம்மதம்.

ஏனென்றால் நல்ல ஆட்டக்காரர் 18 குழியையும் 72 முறை அடித்து முடிக்க வேண்டும் என்கிற பார் 72 கணக்கிலேயே, குழிக்கு இரண்டு பட் (கிரீனில் பந்தை உருட்டி அடிப்பது) வீதம் 36 முறை அடிப்பது கிரீனுக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. ஆட்டத்தில் பாதி. ஃபேர்வேயில் (அடிக்கத் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளி) புல் மோசமாக இருந்தால் பந்தைக் கொஞ்சம் அழுத்தி அடித்துச் சமாளிக்கலாம், ஆனால் கிரீனில் சரியான கோட்டில் விட்ட பந்து கடைசி ஒரு மீட்டரில் துள்ளி விலகிப் போனால் ஒன்றும் செய்ய முடியாது, அன்றைக்கு ஆட்டமே வெறுத்துவிடும். இங்கே பந்து கோட்டை விட்டு விலகுவதில்லை. பெரும்பாலான கிரீன்களில் கடைசி வரை அமைதியாக உருண்டு நிற்கிறது.

வேகம் மிதம்தான். அதைக் குறையாகச் சிலர் சொல்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். கிரீன் வேகத்தை அளக்கிற ஸ்டிம்ப்மீட்டர் என்கிற கருவி, 1935 யுஎஸ் ஓபன் போட்டி அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்தபோது அங்கே கிரீன்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் செய்தது. அதைத் திருத்தியமைத்து 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ, மைதானங்களுக்குக் கொடுத்தது. கருவியிலிருந்து விட்ட பந்து எத்தனை அடி தூரம் உருள்கிறதோ அதுதான் வேகம். ஒரே மைதானத்தில் எல்லா கிரீனும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க உதவும் என்பதுதான் நோக்கம். நடந்தது என்ன? எந்த கிளப்பில் வேகம் அதிகம் என்று போட்டி வந்துவிட்டது. பெரிய போட்டிகளில் 12 அடி, 13 அடி என்று டிவியில் கேட்டுவிட்டு வந்து, பொது மைதானத்திலும் அதை எதிர்பார்க்கிறார்கள். அந்த வேகத்துக்குப் புல்லை 3 மில்லிமீட்டரோ அதற்கும் கீழாகவோ வெட்ட வேண்டும், அடிக்கடி உருளை ஓட்ட வேண்டும், நோய் வருகிறதா என்று ஒருவர் தினமும் குனிந்து பார்க்க வேண்டும். நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் அப்படி வெட்டினால் வெயில் ஏறிய முதல் வாரத்திலேயே புல் கருகிவிடும். அரை மில்லிமீட்டர் கூட விட்டு, 8 அடி வேகத்தில் வருடம் முழுக்க உயிரோடு வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். இவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

விதிவிலக்கு ஏழாவது கிரீன். கிழக்குப் பக்கம் வரிசையாக உயரமான மரங்கள். காலை வெயில் அங்கே விழுவதே இல்லை, பனி காயாமல் ஈரம் நின்று, புல் மெலிந்து, ஓரத்தில் பாசி படர்ந்திருக்கிறது. எத்தனை உரம் போட்டாலும் இது சரியாகாது, நாலைந்து மரத்தை எடுத்தாக வேண்டும். மரத்தில் கை வைத்தால் சண்டைக்கு வர எல்லா மைதானத்திலும் ஆட்கள் உண்டு என்பதால் நிர்வாகம் தள்ளிப் போடுகிறது போலிருக்கிறது. தள்ளிப் போடப் போட மரம் வளரும், அவ்வளவுதான்.

குழி வெட்டுவதில் அலட்சியம் தெரிகிறது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், உள்ளே வைக்கிற குவளையின் விளிம்பு மண் இடம் கொடுத்தால் தரையிலிருந்து குறைந்தது 25.4 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பதினொன்றாம் கிரீனில் மண்டி போட்டுப் பார்த்தேன். குவளை கிட்டத்தட்ட மேலேயே தெரிகிறது, விளிம்பில் ஒரு பக்கம் புல் பிய்ந்து வாய் அகன்று போயிருக்கிறது, சுற்றிலும் ஒரு அடி தூரத்துக்கு ஆட்கள் நின்று நின்று தரை லேசாக அமுங்கி, குழி மட்டும் மேடாக நிற்கிறது. மெதுவாக வருகிற பந்து அந்த மேட்டில் ஏறாமல் வளைந்து போகிறது. இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை, ஒரு ஆள், ஒரு குழிவெட்டி, ஒரு காலைப்பொழுது. கூட்டம் அதிகம் உள்ள மைதானத்தில் தினமும் மாற்ற வேண்டிய குழியை இவர்கள் வாரக்கணக்கில் அப்படியே விடுகிறார்கள். கிரீனை இவ்வளவு பாடுபட்டு வளர்த்துவிட்டு இதில் கோட்டை விடுவது எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் ஏரேஷன். என் பெரிய புகார் இதுதான், ஆனால் ஏரேஷன் செய்ததைப் பற்றி இல்லை. கிரீன் முழுக்கத் துளை போட்டு, மண்ணை உருளை உருளையாக எடுத்துவிட்டு, மணல் தூவித் தேய்த்து நிரப்புவது அவசியமான வேலை. நாள் முழுக்க மிதிபட்டு இறுகிப்போன மண்ணில் காற்றும் தண்ணீரும் இறங்காது, மக்காத வேரும் தண்டும் மேலே மெத்தை மாதிரி சேர்ந்துகொண்டே போகும், கால் வைத்தால் அமுங்கும். காசு மிச்சம் என்று இதை ஒன்றிரண்டு வருடம் விட்ட மைதானங்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு கோடையில் கிரீன் மொத்தமாகப் போய்விடுகிறது. ஆகவே துளை போடட்டும். ஆனால் போட்ட மறுநாளே முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பதிவு செய்யும்போது ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், முதல் கிரீனுக்குப் போய் நின்றபோதுதான் மணலைப் பார்க்கிறோம். இரண்டு மூன்று வாரம் ஆகும் அது ஆறுவதற்கு. கட்டணத்தைக் குறைத்துப் பெரிய எழுத்தில் அறிவித்தால் வருகிறவர்கள் தெரிந்தே வருவார்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

இதில் ஒரு விதிச் சிக்கலும் உண்டு. 2019க்குப் பிறகு கிரீனில் ஷூ கீறல், பந்து விழுந்த பள்ளம், பழைய குழி அடைத்த இடம் எல்லாவற்றையும் நாமே சரிசெய்துகொள்ளலாம். ஏரேஷன் துளையை மட்டும் தொடக் கூடாது. பந்து துளைக்குள் உட்கார்ந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மைதானம் ஒரு உள்ளூர் விதி போடலாம், அதற்குத் தயாராக மாதிரி வாசகமே விதிப் புத்தகத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு தாளில் அச்சடித்து ஒட்டினால் போதும். ஒட்டவில்லை.

டீ பகுதிக்கு, அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற இடத்துக்கு வருவோம். பார் 4, பார் 5 டீக்கள் பரவாயில்லை. பார் 3 டீக்கள் பரிதாபம். எல்லோரும் இரும்பு மட்டையால் அடிப்பது அங்கேதான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு புல் பெயர்கிறது, அதற்குத் தகுந்த அகலம் அந்த டீக்கு இல்லை. நாலாவது டீ ஒரு பெரிய மேசை அளவுதான் இருக்கும், பாதி மண், மீதி களை. அதிலும் ஒரு வேடிக்கை: எங்கிருந்து அடிக்க வேண்டும் என்று காட்டும் டீ குறிகளை நல்ல புல் கிடைக்கிறதே என்று பின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். டீ பகுதி என்பது குறிகளிலிருந்து இரண்டு மட்டை நீளம் பின்னால் வரை. இங்கே ஒரு மட்டை நீளம் பின்னால் போனாலே சரிவில் உருண்டுவிடுவோம். மணலும் விதையும் கலந்த ஒரு பெட்டியை டீ ஓரத்தில் வைத்து, குறிகளைத் தினமும் ஒரு அடி நகர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். பெட்டி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே காலி.

பங்கர்களை, அதாவது மணல் பள்ளங்களைப் பற்றிச் சுருக்கமாக: இருபதுக்கும் மேல் இருக்கின்றன, அதில் நல்ல மணல் உள்ளவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் மழையில் மண் கலந்து இறுகிக் கிடக்கிறது, மட்டை பட்டால் டங்கென்று சத்தம். கல்லும் வருகிறது (இப்போது பங்கரில் கல்லை எடுத்துப் போட விதி அனுமதிக்கிறது, ஆனால் எடுக்கும்போது பந்து அசைந்தால் தண்டனையாகக் கணக்கில் ஒரு அடி சேரும்). ஒரு பங்கரைச் சரியாக வைத்திருக்க அடியில் வடிகால், புது மணல், தினமும் கையால் வாரி விடுவது என்று வேலை ஓயாது. இத்தனை பங்கர் இந்த மைதானத்துக்குத் தேவையே இல்லை. முக்கால்வாசியை மூடிப் புல் வளர்த்துவிட்டு, கிரீனை ஒட்டிய நாலைந்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட்டைப் பார்க்கட்டும். 1888ல் தொடங்கிய கிளப், ஒரு பங்கர் கூடக் கிடையாது.

விமர்சனங்களில் ஃபேர்வே பழுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தவர்களோடு நான் உடன்படவில்லை. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அமெரிக்காவின் ஆகஸ்டா மைதானத்தை டிவியில் பார்த்துப் பச்சைதான் தரம் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த மைதானம் கோடை முழுவதும் உறுப்பினர்களுக்குக் கூடத் திறக்காமல் பூட்டிக் கிடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தை 2010–11ல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் புதுப்பித்தபோது, தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லை ஏக்கர் கணக்கில் எடுத்துவிட்டு மணலும் காட்டுப்புல்லுமாக விட்டார்கள், 2014ல் யுஎஸ் ஓபன் அதே பழுப்பு நிறத்தில்தான் நடந்தது. பழுப்பு என்றால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை. காய்ந்த தரையில் பந்து கூட இருபது முப்பது கெஜம் ஓடும், என்னை மாதிரி தூரம் அடிக்காதவர்களுக்கு அது வரம். நான் பார்ப்பது ஈரத்தை. இங்கே பன்னிரண்டாம் குழிக்கான ஃபேர்வேயின் தாழ்வான பகுதியில் மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஷூ அமுங்குகிறது, அதே இடத்தில் கார்ட் (ஆட்டக்காரர்கள் ஏறிப் போகிற சிறு வண்டி) ஓட்டிச் சேறாக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்க்ளர் சுற்றும் வட்டத்துக்குள் அடர்பச்சை, வெளியே காய்ந்த திட்டு, இதுவும் அங்கங்கே தெரிகிறது. தண்ணீர் குறைவு இல்லை, போய்ச் சேருகிற இடம் சரியில்லை. சேறான பகுதியைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுப் பழுதுபார்ப்பில் உள்ள நிலம் என்று அறிவித்தால் தண்டனை இல்லாமல் பந்தை நகர்த்திக்கொள்ளலாம், ஒரு டப்பா சுண்ணாம்புதான் செலவு. இப்போது ஆளுக்கு ஒரு விதி சொல்லிக்கொண்டு நிற்கிறோம்.

ஆடுகிறவர்கள் மீதும் பழி உண்டு. கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தை உடனே சரிசெய்தால் சில நாளில் ஆறிவிடும், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் வடு இருக்கும். சரிசெய்கிறவர்களிலும் பாதிப்பேர் கருவியைக் குத்தி நடுவிலிருந்து மேலே நெம்புகிறார்கள், அப்போது வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடுகிறது. ஓரத்துப் புல்லை நடுவை நோக்கித் தள்ளிவிட்டு, பட்டர் மட்டையால் லேசாகத் தட்டினால் போதும். நாலு பேர் கொண்ட பராமரிப்புக் குழு நம் பின்னாலேயே வந்து இதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

முன்மேசை ஆட்கள் மரியாதையானவர்கள், வார இறுதியில் ஆட்டம் மெதுவாக நகரும், இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. கிரீனுக்கு மட்டும் நாலரை கொடுப்பேன், டீயும் குழி வெட்டுவதும் இழுத்துவிடுகின்றன. இதை விட இரண்டு மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு இதை விட மோசமான கிரீன் வைத்திருக்கும் இடங்கள் எனக்குத் தெரியும், அங்கே ஓய்வறையில் வாசனை மட்டும் நன்றாக இருக்கும். நான் தொடர்ந்து இங்கேதான் வருவேன், வார நாளில், காலை முதல் நேரத்தில், கிரீனை வெட்டி முடித்த கையோடு. நீங்கள் போவதாக இருந்தால் இணையத்தில் பதிவு செய்யாமல் போனில் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக கிரீனில் துளை போட்டது எப்போது, இன்றைக்கு ஃபேர்வேயில் கார்ட் விடுகிறார்களா. முதல் கேள்விக்கு "போன வாரம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மாதத்துக்கு நேரம் கேளுங்கள்.