சி.ஏ. ஃபவுண்டேஷன் மாட்யூல்: எங்கே கை கொடுக்கும், எங்கே கை விடும்

பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) படிப்பின் நுழைவு நிலையான ஃபவுண்டேஷன் தேர்வுக்கு, அதை நடத்தும் ஐசிஏஐ (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) வெளியிடும் ஸ்டடி மெட்டீரியலை மாணவர்கள் 'மாட்யூல்' என்பார்கள். கணக்குப்பதிவியல், சட்டம், கணிதம்-ரீசனிங்-புள்ளியியல், எகனாமிக்ஸ் என்ற நான்கு தாளுக்கும் பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் அதைப் பிரிக்காமலே கோச்சிங் நோட்ஸ், ஸ்கேனர் (பழைய கேள்வித் தொகுப்பு), 'ஒரே வாரத்தில் எகனாமிக்ஸ்' என்று காசைக் கரைப்பவர்கள் நிறையப் பேர். தேர்வு நடத்தும் நிறுவனமே போட்ட புத்தகத்தைத் தாண்டி வாங்க வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எது என்பது தாளுக்குத் தாள் மாறும்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் முதலில் பதிப்பைப் பார்க்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் புதிய பாடத்திட்டம். அதன்படி முதல் தேர்வு 2024 ஜூனில் நடந்தது. அதற்கு முன் நான்காம் தாளில் எகனாமிக்ஸ் 60, பிசினஸ் அண்ட் கமர்ஷியல் நாலெட்ஜ் 40 என்று இருந்தது. இப்போது நூறும் எகனாமிக்ஸ்தான். இரண்டாம் தாளில் சட்டத்தோடு இருந்த கரஸ்பாண்டன்ஸ் (வணிகக் கடிதம் எழுதுதல்) பகுதியும் போய்விட்டது. காசோலை, உண்டியல் போன்றவற்றுக்கான 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் உள்ளே வந்திருக்கிறது. பழைய பதிப்பைப் படித்தவர் தேவையில்லாததைப் படித்து, தேவையானதை விட்டிருப்பார்.

நான்கில் சிறந்தது எகனாமிக்ஸ் மாட்யூல். பத்து அத்தியாயம். முதல் நான்கும் (பொருளியலின் இயல்பு, தேவை-அளிப்பு, உற்பத்தி-செலவு, சந்தைகளில் விலை நிர்ணயம்) பிளஸ் 1 பொருளியல் படித்தவருக்குப் பழகிய தடம். தேசிய வருவாய், பொது நிதி, பணச்சந்தை, பன்னாட்டு வணிகம் ஆகியவை முன்பு இதற்கு அடுத்த இன்டர்மீடியட் நிலையில் இருந்த பாடங்கள். நடையும் அங்கிருந்தே வந்தது போலக் கனமாகத்தான் இருக்கும். பொது நிதி அத்தியாயத்தில் பத்தி பத்தியாக விளக்கம் போகும், கேள்வியோ அதற்குள் கிடக்கும் ஒற்றை வரியிலிருந்து வரும். கோடிட்டுப் படிக்காமல் வேகமாகப் புரட்டினால் ஒன்றும் தங்காது.

கணக்குகள் எளிமைதான்; வழுக்கும் இடம் வேறு. விலை 10-லிருந்து 12 ஆகிறது, தேவை 100-லிருந்து 70 ஆகிறது என்று வைப்போம். விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பதே நெகிழ்ச்சி. சதவீத முறையில் அது 1.5. பழைய, புதிய அளவுகளின் சராசரியை வைத்துப் போடும் வில் முறையில் 1.94. இரண்டு விடையும் தெரிவுகளில் இருந்தால், கேள்வியில் எந்த முறை என்று பார்க்காதவர் அங்கேயே போனார். செலவு ஒரு ரூபாய் கூடினால் தேசிய வருவாய் எத்தனை ரூபாய் கூடும் என்று சொல்லும் பெருக்கியும் அப்படித்தான். இறுதிநிலை நுகர்வு நாட்டம் (கூடுதலாக வரும் ஒரு ரூபாயில் செலவாகும் பங்கு) 0.8 என்றால் பெருக்கி 5. அதனுடன் 25 சதவீத வரி சேர்ந்தால் 2.5. இறக்குமதி நாட்டம் 0.1-ம் சேர்ந்தால் 2. வெறும் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் மூன்றுக்கும் 5 என்றே குறிப்பார். வரியும் இறக்குமதியும் கசிவுகள், அவை கூடக் கூடப் பெருக்கி சுருங்கும் என்பதை மாட்யூல் படிப்படியாகவே சொல்கிறது. அந்தப் பக்கங்களை மட்டும் தாளில் போட்டுப் பார்த்துப் படியுங்கள்.

மூன்றாம் தாளில் கணிதம் 40, லாஜிக்கல் ரீசனிங் 20, புள்ளியியல் 40. தனியாகப் படிப்பவரை மாட்யூல் கைவிடும் இடம் இதுதான். பயிற்சிக் கணக்குகள் குவிந்து கிடக்கின்றன; ஆனால் பலவற்றுக்கு விடையாக (a), (b) என்ற தெரிவின் எழுத்து மட்டும்தான் இருக்கும், வழி இருக்காது. வரிசைமாற்றம், நிகழ்தகவு போன்றவற்றில் எங்கே தவறினோம் என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியாது. இந்தத் தாளுக்கு மட்டும் வழியோடு விடை தரும் புத்தகம் ஒன்றை வெளியில் வாங்குவது நியாயமான செலவு. ரீசனிங்குக்கு அது வேண்டாம். மாட்யூலின் நான்கு அத்தியாயமே போதும்.

சயின்டிஃபிக் கால்குலேட்டர் தேர்வறைக்குள் ஆகாது. அதனால் சாதாரண 12 இலக்கக் கால்குலேட்டரில் வேர் எடுக்கும் உத்தியை இப்போதே விரலுக்குப் பழக்குங்கள். ஆறு ஆண்டில் பணம் இரட்டிப்பானால் கூட்டு வட்டி வீதம் என்ன? 2-ஐ அழுத்தி வர்க்கமூல விசையை 12 முறை தட்டுங்கள். 1-ஐக் கழித்து, 6-ஆல் வகுத்து, 1-ஐக் கூட்டுங்கள். பிறகு பெருக்கல் விசை, சமன் விசை என்ற ஜோடியை 12 முறை. 1.1225 அளவில் வரும். வீதம் ஏறத்தாழ 12.25 சதவீதம். எண்ணிக்கையில் ஒரு தட்டு பிசகினால் விடை எங்கோ போய்விடும் என்பதால் எண்ணிக்கொண்டே தட்ட வேண்டும்.

மூன்றாம், நான்காம் தாள்கள் முழுக்க அப்ஜெக்டிவ். தலா இரண்டு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். 'தெரியாததைத் தொடவே கூடாது' என்று பல வகுப்பறைகளில் ஓதுவார்கள். கணக்குப் போட்டால் அது அப்படியே சரியல்ல. கண்ணை மூடி நான்கு கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 1 கழித்தல் 0.75, மிச்சம் 0.25. ஒரு தெரிவையாவது தள்ள முடிந்தால் லாபம் கூடும். ஆனால் இது சராசரி. 40-ஐ ஒட்டி நிற்பவருக்கு நான்கும் தவறிப்போகும் அபாயமும் உண்டு. தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 200 வேண்டும் என்பதை வைத்து அந்த முடிவை எடுங்கள்.

கணக்குப்பதிவியல் மாட்யூலைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. தீர்த்துக் காட்டிய கணக்குகளும் 'டெஸ்ட் யுவர் நாலெட்ஜ்' பகுதியும் தாராளம். விடையைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் ஆபத்து. மூடிவைத்துப் போடுங்கள், ஒர்க்கிங் நோட்ஸ் எழுதுங்கள். இறுதித் தொகை தவறினாலும் வழிக்கு மதிப்பெண் உண்டு.

சட்ட மாட்யூல் உள்ளடக்கத்தில் முழுமை. எழுதக் கற்றுத் தருவதில் அரைகுறை. சூழ்நிலைக் கேள்விக்கு முதலில் சட்டம் சொல்வது, அடுத்து கொடுத்த சம்பவத்தில் அது பொருந்தும் விதம், கடைசியில் முடிவு என்ற ஒழுங்கு வேண்டும். 'ஒப்பந்தம் செல்லாது' என்று ஒரே வரியில் முடித்தால், சரியான விடைக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். இதைப் பழகப் பழைய தேர்வுகளுக்கு ஐசிஏஐ வெளியிடும் மாதிரி விடைகளைப் பார்த்து எழுதுங்கள். அவையும் இலவசம்தான்.

தமிழ் வழியில் பிளஸ் 2 முடித்தவருக்குத் தடை பாடமல்ல, மொழி. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்', 'இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள்', கூட்டாண்மையில் சேர்ப்பு, விலகல், நற்பெயர் எல்லாம் மாநில பிளஸ் 2 கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே படித்தவை. அந்தப் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பையும் எடுத்து, அதே அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் படித்தால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மாட்யூலைத் திறங்கள். சட்டத்துக்கு அப்படிக் கைப்பிடிக்கத் துணைப் புத்தகம் கிடையாது. தினம் ஒரு விடையை ஆங்கிலத்தில் கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.