மலைக்குளிரில் மீன் தொட்டிக்கு எந்தத் தெர்மாமீட்டர்?

குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மீன் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் ஹீட்டர் போட்டு ஏஞ்சலும் கப்பியும் வளர்க்கிறேன், இன்னொன்றில் ஹீட்டர் இல்லாமல் கோல்ட்ஃபிஷ். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிற எல்லாத் தெர்மாமீட்டர்களையும் இந்த இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். சென்னையில் அறையும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அங்கே எதை வாங்கினாலும் பெரிய மோசமில்லை. இங்கே ஜனவரி விடியற்காலையில் அறை 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏஞ்சல் மீனுக்கோ தண்ணீர் 26 இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே ஒரு பருவம், வெளியே ஒரு பருவம். மலையில் தெர்மாமீட்டர் வாங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

அதனால் தொட்டிக்கு வெளியே ஒட்டுகிற ஸ்ட்ரிப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறுகிற திரவப் படிகம் தடவிய ஸ்டிக்கர் அது. விலை குறைவு, உடையாது, பேட்டரி வேண்டாம். ஆனால் அதன் முதுகு அறைக் காற்றில் இருக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கம் குளிர்ந்திருந்தால் ஸ்ட்ரிப்பும் குறைத்தே காட்டும். ஒட்டும்போது உள்ளே காற்றுக்குமிழ் சிக்கிவிட்டால் இன்னும் குறையும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஸ்ட்ரிப் 24 காட்டியது, ஹீட்டரைக் கூட்டினேன். மறுநாளும் 24-ஐத் தாண்டவில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மூன்றாம் நாள் காலை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டிலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தால் 29. கப்பி இரண்டு போய்விட்டன. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சூடு ஏறினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதாவது நம் ஊரில் தண்ணீரைத் தவறிச் சூடாக்கினால் மீனுக்கு இரட்டை அடி. குறைத்துக் காட்டுகிற கருவி இங்கே ஆபத்தானது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கோல்ட்ஃபிஷ் தொட்டியில் ஸ்ட்ரிப்பால் வேறு தொல்லை: பல ஸ்ட்ரிப்புகளில் எண்களே 18-ல்தான் தொடங்குகின்றன. தண்ணீர் 14-க்கு வந்தால் முழுக்கக் கறுப்பாக நிற்கும்.

அடுத்தது வயரோடு வருகிற டிஜிட்டல். சென்சார் முனை தண்ணீருக்குள், திரை வெளியே. அறைக்குளிர் இதைப் பாதிக்காது, தூரத்திலிருந்தே படிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மீன் வாங்கி வரும்போது மலையேறும் வழியிலேயே பையின் தண்ணீர் குளிர்ந்துவிடும். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பைக்குள் ஒரு முறை, தொட்டிக்குள் ஒரு முறை சென்சாரை விட்டுப் பார்ப்பதற்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் 25.4 என்று புள்ளி வைத்துக் காட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. மலிவான டிஜிட்டலில் ஒரு டிகிரி முன்பின் இருப்பது சாதாரணம். ஒரே கடையில், ஒரே நாளில் நான் வாங்கிய இரண்டுக்கும் இடையே 1.3 டிகிரி வித்தியாசம். வயர் சேருமிடத்தில் தண்ணீர் புகுந்தால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். பட்டன் பேட்டரி தீரத் தொடங்கினால் எழுத்து மங்கும், அப்போதே மாற்றிவிடுங்கள்.

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி தொட்டிக்கு ஆகாது. அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது என்பதால், பக்கவாட்டில் நீட்டினால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். ஹீட்டரின் திருகில் இருக்கும் எண்ணும் அளவல்ல. அது நாம் கேட்ட சூடு, தண்ணீரில் இருக்கும் சூடு அல்ல.

கடைசியாகக் கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புச் சாராயம் ஏறி இறங்குவது. என் தேர்வு இதுதான். முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதால் அறையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. வழக்கமாக 0 முதல் 50 வரை அளவு இருப்பதால் ஹீட்டர் தொட்டி, குளிர்த் தொட்டி இரண்டுக்கும் பொருந்தும். குறைகள் உண்டு: கோடுகள் சிறியவை, கண்ணுக்கு நேர்மட்டத்தில் வைத்துப் படிக்காவிட்டால் ஒரு கோடு தப்பும். பெரிய மீன் மோதினால் உடையும். வாங்கும்போது சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், அறுந்திருந்தால் வேண்டாம். பழைய பாதரசக் குழாய் வீட்டில் கிடந்தால் அதைத் தொட்டியில் போடவே கூடாது.

எதை வாங்கினாலும் ஒரு முறை சோதிக்க வேண்டும். கொதிநீரில் சோதிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்தக் குழாயைக் கொதிநீரில் விட்டால் வெடித்துவிடும். அதோடு குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் கீழே. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக நேரமாவது அதனால்தான். ஐஸ் உருகும் சூடு மட்டும் மலையிலும் கீழேயும் ஒன்றுதான். ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குக் குளிர்ந்த நீர் விட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரை ஐந்து நிமிடம் அதில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் இதையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டலையும் சேர்த்து வைத்து, 37-ஐ ஒட்டி இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். இரண்டு இடத்திலும் சரியாக இருந்தால் 26-லும் நம்பலாம்.

இப்போது எங்கள் தொட்டியில் கண்ணாடிக் குழாய், ஹீட்டருக்கு எதிர் மூலையில், பாதி ஆழத்தில் இருக்கிறது. டிஜிட்டலையும் வைத்திருக்கிறேன், அதன் முதுகில் "1 கூட்டு" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து இரவு கரண்ட் போனால், டார்ச் அடித்து நான் முதலில் பார்ப்பது சிவப்புக் கோட்டைத்தான். 22-க்குக் கீழே போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்திவிடுவேன்.